இடது மார்பு, நான்கு அங்குலம்

டிசம்பரில் பிரிப்பேன்.
பிப்ரவரியில் தைப்பேன்.
நடுவில் கிடப்பது ஜனவரி,
வெர்ன் ஹாகட் செல்போனைச் சட்டைப்பையில் வைக்காமல்
கையிலேயே பிடித்துக்கொண்டு திரியும் மாதம்.

தூண்டில் போட்டிக்காரன் சட்டையில்
எந்த இடம் என்ன விலை போகும் என்று
சிக்கமாகா ஏரிக்கரையில் என் தையல் மேஜைக்குத் தெரியும்.
முதுகு அகலம், ஆனால் மலிவு.
மேடையில் மீனைத் தூக்கிப் பிடிக்கும்போது
படத்தில் விழுவது இடது மார்பு.
அந்த நான்கு அங்குலத்துக்கு
எஞ்சின் கம்பெனிக்காரன் டல்சாவிலிருந்து ஆள் அனுப்புவான்.
காலர், குளிர்கண்ணாடிக்கு.
தோள், நரம்பு விற்பவனுக்கு.
அக்குளை இதுவரை யாரும் கேட்டதில்லை.

வெர்னுக்கு இடது மார்பில் நான்கு வருஷமாக ரீல் கம்பெனி.
போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் கடிதம் வந்தது.
மூன்று வரி. அச்சடித்த கையெழுத்து.
"எடுத்துடு, ஓபல்" என்று சட்டையை மேஜையில் போட்டுவிட்டு
வாசலில் நின்ற தன் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அதன் இரண்டு பக்கமும் அதே கம்பெனியின் சிவப்பு.
அதை உரிக்க வேறு தனியாகக் காசு.

நூல் நூலாகப் பிரித்தேன்.
அடியில் இருந்த துணி
வாங்கிய அன்றைய நீலம்.
சுற்றிலும் நான்கு வருஷ வெயில்.
கம்பெனி போய்விட்டது,
அதன் நிழல் மட்டும் போக மாட்டேன் என்கிறது.
"எதையாவது வெச்சு மூடேன்" என்றான்.
எதை வைத்து?

பிறகு டயர் கடை, பல் டாக்டர்,
பன்றி விலாக்கறி சுடும் ஹோட்டல்.
மணப்பெண்கள் அளவு பார்க்கும் என் கண்ணாடி முன் நின்று
ஒத்திகை பார்ப்பான்:
"நான் மீன் பிடிப்பவன் இல்லை, சார்.
உங்கள் பொருளை விற்பவன்."
சிரிப்பைக் கொஞ்சம் குறைத்து, மறுபடியும்.
வாயில் குண்டூசி இருந்ததால்
நான் எதுவும் சொல்லவில்லை.

கடைசியில் கிடைத்தவர் டுவேன் ஸ்காக்ஸ்.
கழிவுத்தொட்டி சுத்தம் செய்பவர்.
எண்ணூறு டாலர்,
வெர்ன் வீட்டுத் தொட்டி ஒருமுறை இலவசம்.
புரவலர் என்ற பெரிய சொல்லை
அவர் பூட்ஸைப் பார்த்துச் சொல்லத் தோன்றாது.
மஞ்சள் லாரி, கீழே ஒரு வரி:
"நீங்கள் மறப்பதை நாங்கள் நினைவில் வைப்போம்."
அரை அங்குலம் பெரிதாகவே தைத்தேன்.
நீலம் முழுதாக மூடியது.

ஏப்ரல், இரண்டாம் நாள். பனிமூட்டம் விலகவேயில்லை.
ஐந்து மீன் கொண்டுவர வேண்டிய இடத்தில்
வெர்னிடம் ஒன்றும் இல்லை.
வெறுங்கையர்கள் படகை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு
மேடைக்குப் பின்வழியாக நழுவிவிடுவது வழக்கம்.
இவன் படியேறினான்,
காலிப் பையில் தண்ணீர் சொட்டச் சொட்ட.
மைக் பிடித்தவனுக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை.
"மீன் இல்லை" என்றான் வெர்ன்.
"ஆனா உங்க தொட்டியைத் திறந்து பார்த்து
எத்தனை வருஷமாச்சு?"
கூட்டம் சிரித்தது. பிறகு
ஒவ்வொருவராகக் கணக்குப் போட ஆரம்பித்தது முகத்தில் தெரிந்தது.
பணம் கட்டியவனுக்கு
பூஜ்யத்தன்றும் வேலை செய்ய வேண்டும் என்று
அவனுக்கு யார் சொன்னார்களோ.

திங்கட்கிழமை ஸ்காக்ஸுக்குப் பதினொரு அழைப்புகள்.
அதற்காக அவர் தொகையை ஏற்றிவிடவில்லை.
ஒரு ஐஸ்பெட்டி நிறைய வான்கோழி சாண்ட்விச் அனுப்பினார்,
போட்டிதோறும்.
வெர்ன் அந்த வருஷம் நாற்பத்தோராம் இடம்.
பெட்ரோலுக்கே பற்றவில்லை.

டிசம்பர் வந்தது. சட்டையோடு வந்தான்.
சலவையில் மஞ்சள் சாயம் லேசாக இறங்கி
லாரிக்கு ஒரு மாலைவெயில் ஏறியிருந்தது.
பிரிக்கும் ஊசியை எடுத்தேன்.

"அது இல்ல, ஓபல்.
முழங்கை கிழிஞ்சிருக்கு பார்.
அதை மட்டும்."

செல்போன் அடித்தது. ரீல் கம்பெனி.
அவன் பேசியதில் என் காதில் விழுந்தது இவ்வளவுதான்:
"முதுகு காலியா இருக்கு, சார்."